தாய்ப்பால் கொடுக்காத தாய்மாருக்கான கையேடு: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தாய்ப்பால் கொடுக்காத, கொடுக்க முடியாத தாய்மாருக்கான எங்கள் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. எழுதியது நாங்கள்தான். ஆனால் அது தப்பில்லாமல் வந்திருக்கிறது என்றால், உங்கள் சிவப்பு மைதான் காரணம். யாருடைய திருத்தம் எந்தத் தவற்றைத் தடுத்தது என்று சொல்லி நன்றி கூறுவதே முறை.

முதல் நன்றி, மனம் திறந்து காரணம் சொன்ன தாய்மாருக்கு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாங்களும் அதைத்தான் சொல்லிவருகிறோம். ஆனால் கொடுக்காதவர்களை எல்லாம் முதல் பிரதியில் "விருப்பமின்மை" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் காட்டினீர்கள். மார்பில் கை பட்டாலே பழைய வன்கொடுமை நினைவுக்கு வந்து உடல் விறைத்துப்போகிறவர் இருக்கிறார். இரவுத் தூக்கம் கெட்டால் மனநோய் திரும்பிவிடும் என்பதைப் பட்டு அறிந்தவர் இருக்கிறார். மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையில் பால் நாளங்கள் அறுபட்டவரும், பிரசவத்தில் கடுமையாக இரத்தம் போய் பிட்யூட்டரி சுரப்பி பழுதானதால் பாலே ஊறாதவரும் உண்டு. தத்தெடுத்தவர்கள் உண்டு. இவை எதுவும் இல்லாமல், "எனக்கு இது வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னவரும் உண்டு. அதையும் ஒரு காரணமாகவே அச்சிட்டிருக்கிறோம்.

ஒருவர் எழுதி அனுப்பியதை மட்டும் தனிப் பக்கமாக வைத்தோம். பால் இறங்குவதற்குச் சற்று முன் அடிவயிற்றில் ஏதோ சரிவதுபோல் ஒரு துக்கம் வரும், சில நிமிடங்களில் வந்த சுவடே இல்லாமல் போய்விடும், அடுத்த முறை பால் இறங்கும்போது மறுபடி வரும் என்று எழுதியிருந்தார். இதற்கு டி-மெர் என்று பெயர். பால் இறங்கும் நேரத்தில் மூளையில் டோபமைன் சட்டென்று குறைவதே காரணம் என்று கருதுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நாள் முழுக்க நிற்கும். இது நிமிடக் கணக்கு. இதற்குப் பெயர் உண்டு என்று தெரிந்ததும் தொடர்ந்து கொடுத்தவர்களும் உண்டு, நிறுத்தியவர்களும் உண்டு.

"கொடுக்கவே கூடாது" பட்டியலைப் பாதியாக வெட்டிய குழந்தைநல மருத்துவருக்கு அடுத்த நன்றி. சளி, காய்ச்சல், பெரும்பாலான ஆன்டிபயாடிக் மருந்துகள், பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்ட ஹெபடைடிஸ் பி ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது. கீமோதெரபி, கதிரியக்க அயோடின் சிகிச்சை, குழந்தைக்கு கேலக்டோசீமியா (பாலிலுள்ள சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத பிறவிக் குறை) ஆகியவை இருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர், மருந்தும் வைரஸ் அளவும் பார்த்து மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். யாரோ கிளப்பிய பயத்தால் நிறுத்துவதை ஒரு தாயின் விருப்பம் என்று சொல்ல முடியாது. இதில் அவர் கண்டிப்பாக நின்றது சரி.

பால் வற்றச் செய்யும் பகுதியைச் செவிலியர்கள் முழுக்கத் திருத்தி எழுதினார்கள். துணியால் மார்பை இறுக்கிக் கட்டும் வழக்கத்தை நீக்கியது அவர்கள்தான். இறுக்கினால் பால் கட்டிக்கொண்டு அழற்சி வரும். கம்பி வைக்காத, நன்றாகத் தாங்கும் உள்ளாடை போதும். பிரசவமான இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை மார்பு கல்லாகும். அப்போது துணியில் சுற்றிய ஐஸை ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். வலி தாங்கவில்லை என்றால் விறைப்பு தளரும் அளவுக்கு மட்டும் பீய்ச்ச வேண்டும். முழுக்கப் பீய்ச்சினால் உடம்பு அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். ஓரிடத்தில் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரைப் பக்கத்தைக் காப்பாற்றியவர் மருந்தாளுநர். பாலை வற்றச் செய்யும் காபர்கோலின் மாத்திரை, பிரசவமான முதல் நாளுக்குள் என்றால் 1 மில்லிகிராம், ஒரே வேளை. பால் சுரந்துவிட்ட பிறகு என்றால் 0.25 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக இரண்டு நாள். பிரசவ கால இரத்த அழுத்தமோ, பிரசவத்துக்குப் பின் மனநோயோ வந்தவருக்கு இது ஆகாது என்ற வரியை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். இதற்கே முன்பு கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையை அவர் அடித்தே விட்டார். அதில் வலிப்பு, பக்கவாத அபாயம் உண்டு. எதுவானாலும் மருத்துவர் சீட்டோடுதான்.

பவுடர் பால் பகுதிக்குத்தான் அதிகத் திருத்தம் வந்தது, அதிக நன்றியும் அங்கேதான். பவுடர் கிருமி நீக்கியது அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருக்கலாம். அதனால் கொதித்த தண்ணீரை அரை மணிக்கு மேல் ஆறவிடாமல், சூடு 70 டிகிரிக்குக் குறையும் முன்பே பவுடரைக் கலக்க வேண்டும். பிறகு மூடிய புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை குடித்து வைத்த மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும், அழுத்தி நிரப்பக் கூடாது. "கொஞ்சம் கெட்டியாக இருந்தால் பிள்ளை தூங்கும்" என்று ஒரு கரண்டி கூட்டினால் இரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தையின் உடல் வறளும். டின் சீக்கிரம் தீராமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டினால் சோடியம் இறங்கி வலிப்பு வரும். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் கலக்கிப் பார்த்த தாய் ஒருவர், ஒரு டின்னில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர், இன்னொன்றில் 60 மில்லி என்று கண்டுபிடித்து எழுதினார். "ஒரு கரண்டிக்கு 30" என்று நாங்கள் பொதுவாக எழுதியிருந்தோம். அப்படியே அச்சாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. "டின் மாறினால் அளவை மறுபடி படியுங்கள்" என்ற வரி இப்போது கட்டத்துக்குள் இருக்கிறது.

முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75. புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, இடையிடையே நிறுத்தி, தலையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிட வேண்டும். ஒரு வயதுவரை பசும்பாலை முக்கியப் பாலாக்க வேண்டாம். அதில் இரும்புச்சத்து போதாது.

கடைசியாக, இரவு வேளையை ஏற்றுக்கொண்ட அப்பாக்கள், பாட்டிகள், சித்திகள். தூக்கக் கலக்கத்தில் பக்கம் புரட்டத் தோதுப்படாது என்று சொன்னவர்கள் நீங்கள். அளவு அட்டவணையைப் பெரிய எழுத்தில் தனி அட்டையாக அச்சிட்டு, தொங்கவிட மேலே ஒரு துளையும் போட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்