தையல் பிரிவுக்கு வாங்கிய எல்.இ.டி. டியூப்லைட்டுகளில் ஒளித்துடிப்பும் மின்கசிவும்: புகார் கடிதம்

அனுப்புநர்
மின் பராமரிப்புப் பிரிவு,
பின்னலாடைத் தொழிற்கூடம், திருப்பூர்.

பெறுநர்
தரக் கட்டுப்பாட்டு மேலாளர்,
எல்.இ.டி. டியூப்லைட் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 4 அடி, 20 வாட் டியூப்லைட் 240 எண்ணம் – பாதுகாப்புக் குறைபாடுகள் – திரும்பப் பெறக் கோருதல்.

ஐயா,

தங்களிடம் வாங்கி எங்கள் பவர்டேபிள்களுக்கும் (வரிசையாக மெஷின் போட்ட தையல் மேசைகள்) செக்கிங் டேபிள்களுக்கும் மேல் மாட்டியுள்ள 240 டியூப்களும் ஆள் வேலை செய்யும் இடத்தில் இருக்கத் தகுதியற்றவை. வெளிச்சம் வினாடிக்கு 100 முறை அறவே அணைந்து எரிகிறது. சிலவற்றின் அலுமினிய உடலில் கரண்ட் வருகிறது. "ஃப்ளிக்கர் (ஒளித்துடிப்பு) இல்லாதது, கண்ணுக்குப் பாதுகாப்பானது" என்று பெட்டியில் அச்சடித்து விற்ற பொருள் இது.

இந்தத் துடிப்பு வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. கைபேசியில் 240 பிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள், கறுப்புப் பட்டைகள் ஓடும். விளக்கின் கீழ் ஒரு பேனாவை விறுவிறுவென்று ஆட்டினால், மங்கிய விசிறி போலத் தெரிய வேண்டியது தனித்தனிப் பேனாக்களாகப் பிரிந்து தெரியும். தையல் மெஷினில் இது விளையாட்டல்ல. ஓவர்லாக் (துணி ஓரம் அடிக்கும் மெஷின்) நிமிடத்துக்கு 6000 தையல் ஓடும்போது ஊசி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. விளக்கும் 100 முறைதான் எரிகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் ஊசி ஒரே உயரத்தில் இருக்கும்போதே வெளிச்சம் விழுகிறது, ஓடுகிற ஊசி நின்றுவிட்டதாகத் தெரிகிறது. வேகம் சற்றுக் குறைந்தால் ஊசி மெல்ல மிதப்பது போல இருக்கும். 3000 தையலில் ஓடும் மெஷினில் ஒன்றுக்கு இரண்டு ஊசி தெரியும். துணியைத் தள்ளும் டெய்லரின் விரலுக்கும் அந்த ஊசிக்கும் ஓர் அங்குலம்கூட இடைவெளி இல்லை.

காரணம் தேடி ஒரு டியூபைப் பிரித்தோம். முனை மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, எல்.இ.டி. பதித்த பட்டையை உருவினால், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிபயர், கரண்டைக் கட்டுப்படுத்தும் இரண்டு லீனியர் ஐ.சி., ஒரு ஃபியூஸ் ரெசிஸ்டர், பிறகு எல்.இ.டி. சில்லுகள். வோல்டேஜ் இறங்கும்போது ஈடுகட்டும் மின்தேக்கி ஒன்றுகூட இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வோல்டேஜ் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். சில்லுத் தொடருக்குத் தேவையான வோல்டேஜுக்குக் கீழே இறங்கிய கணமே கரண்ட் நின்று விளக்கு இருண்டுவிடுகிறது. பழைய சோக் டியூபும் 100 முறை துடித்ததுதான். ஆனால் அதன் உட்பூச்சு கொஞ்ச நேரம் ஒளியைப் பிடித்து வைத்திருக்கும், முழு இருட்டு வராது. எல்.இ.டி. சில்லுக்கு அந்தத் தயவு கிடையாது. அதைச் செய்ய வேண்டியது டிரைவர், அதாவது சில்லுகளுக்குச் சீரான கரண்ட் கொடுக்கும் சர்க்யூட். அதைத்தான் தாங்கள் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்.

ஐ.இ.இ.இ. என்ற மின் பொறியாளர் அமைப்பின் 1789 (2015) பரிந்துரைப்படி 100 ஹெர்ட்ஸில் ஒளி ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஆபத்துக் குறைவு. முழுதாக அணைந்து எரியும் விளக்கில் அது 100 சதவீதம். தலைவலி, கண்வலி என்று டெய்லர்கள் சொல்வதைச் சாக்கு என்று தள்ள முடியாது. சோக் டியூபை, துடிப்புத் தெரியாத அளவு வேகமாக எரிய வைக்கும் உயர் அதிர்வெண் பாலஸ்டுக்கு மாற்றியபோது அலுவலக ஊழியர்களின் தலைவலியும் கண் அயர்வும் பாதிக்கும் கீழே குறைந்ததை 1989இலேயே இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழு காட்டியிருக்கிறது.

எல்.இ.டி.யின் நீல ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும் என்று சிலர் சொல்வது எங்கள் புகார் அல்ல. டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் பால் நிற உறை) போட்ட டியூபில், வழக்கமான உயரத்தில், அந்தப் பயத்துக்கு இடமில்லை. இரவு ஷிஃப்டுக்கு 6500 கெல்வின் என்ற நீலம் கலந்த வெள்ளை பொருந்தாது என்பது வேறு விஷயம், அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்.

அடுத்தது கரண்ட். டிரைவர் ஐசொலேஷன் (மெயின் லைனிலிருந்து பிரிக்கும் அமைப்பு) இல்லாதது, ஆகவே பட்டையிலுள்ள ஒவ்வொரு சாலிடர் புள்ளியும் மெயின் லைனோடு சேர்ந்தது. அந்தப் பட்டைக்கும் அலுமினிய முதுகுக்கும் நடுவில் இன்சுலேஷன் தாள் இல்லை. பிரித்த டியூபில் வயர் சாலிடரின் வால் அலுமினியக் காடியிலிருந்து 1 மில்லிமீட்டர்கூட விலகவில்லை. பனியன் கம்பெனியில் பஞ்சு பறக்காத இடம் கிடையாது. அது முனை மூடிக்குள் புகுந்து, மழைக்கால ஈரத்தில் ஊறி, கரண்டுக்குப் பாதை போடுகிறது. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் பல மெகாஓம் காட்ட வேண்டிய இடத்தில் சில டியூப்கள் 1 மெகாஓமுக்கும் கீழே காட்டுகின்றன. எர்த் செய்த இரும்புச் சேனலில் உள்ள வரிசைகளில் கசிவு சேர்ந்து 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது. 60 டியூபில் ஒவ்வொன்றும் அரை மில்லிஆம்பியர் கசிந்தாலே கணக்கு 30 ஆகிவிடும். பிளாஸ்டிக் கிளிப்பில் உள்ளவற்றில் டிரிப்கூட ஆகாது, பஞ்சு துடைக்கிறவர் கையில்தான் தெரியும். சுவிட்சையும் எம்.சி.பி.யையும் அணைக்காமல் யாரும் டியூபைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே மாடல் எண்ணில் இரண்டு வகை அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையில். மற்றதில் முனைக்கு ஒன்று. முதல் வகையின் மறுமுனைப் பின்கள் உள்ளே ஷார்ட் செய்யப்பட்டவை. அதைத் திருப்பி மாட்டினால் நேர் ஷார்ட் சர்க்யூட். இரண்டாம் வகையில் ஒரு முனையை ஹோல்டரில் செருகியதும், வெளியே நிற்கும் மறுமுனைப் பின்னில் கரண்ட் வரும், மாட்டுகிறவர் இரும்பு ஏணியில் நிற்பார். டியூபிலும் பெட்டியிலும் வயரிங் படமே இல்லை. பெட்டியில் இருக்கும் ஆர்-எண்ணை (இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின், அதாவது பி.ஐ.எஸ்.ஸின், பதிவு எண்) பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், சாதாரண ஹோல்டரில் மாட்டும் பி22 மூடி கொண்ட 9 வாட் பல்பு வருகிறது.

செக்கிங் டேபிள்களுக்கு மேலே மூன்று வரிசை விளக்கு இருப்பதால் அவற்றை ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸுக்குப் பிரித்தோம். ஒன்று மங்கும்போது மற்றது எரிவதால் அங்கே துடிப்பு அடங்கிவிட்டது. பவர்டேபிளுக்கு மேலே ஒற்றை வரிசைதான், அங்கே இந்த வழி எடுபடாது.

ஆகவே 240 டியூப்களையும் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, ஐசொலேட்டட் கான்ஸ்டன்ட் கரண்ட் (மாறாத கரண்ட் தரும்) டிரைவர் உள்ள, 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்கு மிகாத டியூப்களை, அளவீட்டு அறிக்கையோடு தர வேண்டும். ஒரே வயரிங் வகையாக, படம் டியூபின் மேலேயே அச்சிட்டதாக இருக்க வேண்டும். இதே பேட்ச் வேறு கூடங்களுக்கும் போயிருந்தால் அவர்களுக்கு உடனே தெரிவியுங்கள். பிரித்த டியூபையும் மெக்கர் அளவுகளையும் ஸ்லோ மோஷன் படங்களையும் வைத்திருக்கிறோம், தங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்கலாம். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், ஆர்-எண் விவரத்துடன் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் புகார் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பிரிவினர்