காற்றின் கண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தள்ளிப்போனதற்கு ஆசாரிதான் காரணம். தெற்கு அறை ஜன்னலைக் கரையான் அரித்துவிட்டது. சட்டத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனவர் மூன்று நாள் வரவேயில்லை. சுவரில் வெறும் ஓட்டை. வேப்பம்பூ வாசனை, பக்கத்து வீட்டுத் தாளிப்பு, கொசு எல்லாம் அது வழியாகத்தான் வந்து போயின.

ஆங்கிலத்தில் ஜன்னலைச் சொல்லும் விண்டோவுக்கும் காற்றைச் சொல்லும் விண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று உன் பேத்தி கேட்டாள் அல்லவா? உண்டு என்று சொல். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் அது 'விண்டவ்கா'. முன்பாதி காற்று, பின்பாதி கண். கண்ணாடி இல்லாத காலம். புகை போகவும் வெளிச்சம் வரவும் விட்ட துளைதான் அந்தக் கண். 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகளான டேனியர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது சொல்லும் கூடவே போயிற்று. ஆங்கிலேயரிடம் அதற்கு முன்பே சொந்தச் சொல் இருந்தது. 'கண்துளை' என்று அர்த்தம். அது வழக்கொழிந்துவிட்டாலும் அதன் துளை மட்டும் நாஸ்ட்ரிலின் பின்பாதியில் பிழைத்துக் கிடக்கிறது: மூக்குத்துளை!

வேடிக்கை என்னவென்றால், பழைய நோர்ஸுக்கு மிக நெருக்கமான ஐஸ்லாந்துக்காரர்கள் இன்று ஜன்னலுக்கு வேறு சொல் சொல்கிறார்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும்தான் பழைய சொல் தேய்ந்து உருமாறி ஓடிக்கொண்டிருக்கிறது.

நமக்கும் அப்படித்தானே ஆயிற்று? சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர் மாளிகை' என்று வரும், பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. வைக்கிங்கைக் கேட்டா இளங்கோ எழுதினார்! அப்பேர்ப்பட்ட சொல்லை விட்டுவிட்டுப் போர்ச்சுகீசியரின் 'ஜனேலா'வைப் பிடித்துக்கொண்டோம். அதன் வேர் லத்தீனில் கதவு. சின்னக் கதவைத்தான் ஜன்னல் என்கிறோம். பழகின வாய்க்கு அதுதான் வருகிறது, என்ன செய்ய.

நேற்று ஆசாரி ஒருவழியாக வந்து சேர்ந்தார். புதுச் சட்டத்தில் கொசுவலையும் அடித்துத் தருகிறேன் என்கிறார், கூலி தனியாம். சரி என்றுவிட்டேன்.

அப்புறம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைக்கு இங்கே வருகிறாயா, இல்லையா? உனக்குத் தெற்கு அறைதான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்