எங்கள் பழைய மாடிகளுக்குக் கண்ணாடி வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ரொறன்ரோவில் ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் நிற்கிற பழைய தொடர்மாடிகள் பார்க்கவே அலங்கோலமாக இருக்கின்றன, டவுன்ரவுனில் செய்த மாதிரி வெளிப்பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டால் என்ன என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. நானும் அப்படியான ஒரு கட்டடத்தில்தான் நீண்ட காலமாக வாடகைக்கு இருக்கிறேன். வெளிச்சுவரில் வேலை செய்யத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணாடி என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

டவுன்ரவுனில் நடந்ததை முதலில் சொல்கிறேன். கிங் வீதியும் பே வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கிற 72 மாடி அலுவலகக் கட்டடமான ஃபேர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் 1975இல் கட்டப்பட்டபோது அதன் வெளிப்பக்கம் முழுக்க இத்தாலியின் கராரா பளிங்கு, ஏறத்தாழ 45,000 பலகைகள். 2007 மே மாதத்தில் 54ஆவது மாடியிலிருந்து ஒரு பலகை கழன்று மூன்றாம் மாடிக் கூரையில் போய் விழுந்தது. நல்ல காலம், வீதியில் விழவில்லை. பளிங்கு உறுதியான கல்தானே என்று நினைப்போம், ஆனால் அதை மெல்லிய பலகையாக அறுத்து வெளியே மாட்டினால் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி, உள்ளே கல்லின் நுண்ணிய மணிகளுக்கிடையிலான பிடிப்பு விட்டு, பலகையே வில்லு மாதிரி வளைந்துவிடும். இதே கராரா பளிங்கைப் போட்ட சிக்காகோவின் ஏயொன் சென்ரரில் 43,000 பலகைகளையும் 1990க்கும் 1992க்கும் இடையில் கழற்றி எறிந்துவிட்டு கருங்கல் போட வேண்டி வந்தது, 80 மில்லியன் டொலருக்கு மேல் செலவு. இரண்டு கட்டடத்திலும் எட்வர்ட் டியூரெல் ஸ்டோன் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் கை இருந்தது. ரொறன்ரோவில் கல்லுக்குப் பதிலாக வெள்ளைக் கண்ணாடிப் பலகையைத் தெரிவு செய்தார்கள், வேலை 2012இல் முடிந்தது, 100 மில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது.

அது தேவையான வேலை, நன்றாகவும் செய்தார்கள். ஆனால் அங்கே பளிங்கு இருந்த இடத்தில்தான் கண்ணாடிப் பலகை வந்தது. பின்னால் சுவர் சுவராகவே இருக்கிறது, யன்னல் யன்னலாகவே இருக்கிறது. எங்கள் ஆட்கள் மனதில் நினைக்கிற கண்ணாடி அதுவல்ல, கொண்டோ என்கிற, வீடு வீடாக விற்கிற புது மாடிக் கட்டடங்களில் இருக்கிற, நிலத்திலிருந்து முகடு வரைக்கும் வருகிற கண்ணாடி. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி மினுங்கும், உள்ளே இருப்பவருக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1984 வரைக்கும் கட்டிய உயர்ந்த தொடர்மாடிகள் ரொறன்ரோவில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எங்கள் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய முதல் வீடு அவைதான். எலும்பு நல்ல எலும்பு, கொங்கிரீட்டுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. குறை எங்கே என்றால், செங்கல்லுக்குப் பின்னால் குளிரையும் வெப்பத்தையும் தடுக்கிற இன்சுலேஷன் பேருக்குத்தான் இருக்கும், பல இடத்தில் அதுவும் இல்லை. அதைவிட மோசம் பல்கனி. வீட்டுக்குள் நாங்கள் நடக்கிற அதே கொங்கிரீட் தட்டுத்தான் சுவரைத் தாண்டி வெளியே பல்கனியாக நீள்கிறது, இடையில் தடுப்பு எதுவும் இல்லை, அதனால் வெளிக்குளிர் அந்தத் தட்டு வழியாகவே உள்ளே வருகிறது. ஜனவரியில் பல்கனிக் கதவடியில் வெறுங்காலோடு நின்றால் தெரியும். எங்கள் வீட்டில் அந்த மூலையில் சுவரின் கீழ்ப்பக்கம் ஈரம் கசிந்து, ஒவ்வொரு மாரியும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைப்போம், பெயின்ற் அடிப்போம், அடுத்த மாரி திரும்ப வரும். கதவடியில் எப்போதும் ஒரு துவாய் சுருட்டி வைத்திருப்போம்.

இந்தச் சுவரை எடுத்துவிட்டு முழுக்கக் கண்ணாடி வைத்தால் குளிர் குறையுமா? வீட்டு அட்டிக்கில் இன்சுலேஷன் போட்டவர்களுக்கு ஆர் வல்யூ என்றால் என்னவென்று தெரியும், வெப்பம் கடப்பதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டுகிற எண், கூடக் கூட நல்லது. ஒழுங்காக இன்சுலேஷன் வைத்த சுவருக்கு அது 20க்கு மேல் வரும். நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு 3 அல்லது 4, அலுமினியச் சட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இன்னும் குறையும். என் மகள் இருக்கிற கொண்டோ மேற்குப் பார்த்த கண்ணாடி வீடு. யூலையில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அந்த வரவேற்பறையில் இருக்க முடியாது, திரையை இழுத்து மூடி, லைற் போட்டு, ஏசியும் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு கண்ணாடியில் இரண்டு தட்டுக்கும் நடுவே பனிப்புகார் மாதிரி ஈரம் படிந்துவிட்டது, உள்ளுக்குள் இருப்பதால் துடைக்கவும் முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஓரத்துச் சீல் போனால் அப்படித்தான் ஆகும், இருபது இருபத்தைந்து வருடத்தில் இது சாதாரணம். செங்கல்லுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. கண்ணாடியில் மோதிச் சாகிற பறவைகளையும் மறக்கக் கூடாது, 2010இலிருந்து இந்த நகரத்தில் புதுக் கட்டடங்களுக்கு அதற்கென்றே விதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஹமில்ரனில் 1967இல் கட்டிய கென் சோபிள் ரவர், 18 மாடி, வயது போனவர்களுக்கான 146 வீடுகள். இடிக்கலாம் விற்கலாம் என்றெல்லாம் பேச்சு வந்த கட்டடம் அது. கடைசியில் கொங்கிரீட்டை வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் முழுவதையும் தடித்த இன்சுலேஷனால் போர்த்தி, நல்ல யன்னல்கள் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் சுத்தமான காற்று வர வழி செய்து 2021இல் முடித்தார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேறுகிற கரியமில வாயு 94 வீதம் குறைந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எளிமையான கட்டடம்தான், மினுக்கம் இல்லை. உள்ளே இருக்கிற கிழவன் கிழவிக்கு மாரியில் குளிராது, கோடையில் வேகாது.

இன்சுலேஷன் என்றாலும் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றில்லை. லண்டனில் கிரென்ஃபெல் ரவர் என்ற 24 மாடிக் கட்டடத்துக்கு 2016இல்தான் புது வெளிப்போர்வை போட்டு முடித்தார்கள், அலுமினியத் தகட்டுக்கு நடுவே பொலித்தீன் வைத்த பலகை. 2017 யூன் 14 அதிகாலையில் ஒரு வீட்டில் பிடித்த தீ அந்தப் பலகை வழியாகக் கட்டடம் முழுவதும் ஏறி 72 உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே வெளியே என்ன போடப் போகிறீர்கள், அது எரியுமா எரியாதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், நிறம் எல்லாம் பிறகு. ஹமில்ரனில் கல்லை உருக்கி நூலாக்கிச் செய்த, நெருப்புப் பற்றாத இன்சுலேஷனைப் பாவித்தார்கள்.

கடைசியாகக் காசு விஷயம், இதைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவில் பெரிய திருத்த வேலை செய்தால் கட்டடச் சொந்தக்காரர் அரசாங்கம் சொன்ன அளவுக்கு மேலாக வாடகையைக் கூட்டக் கேட்டு விண்ணப்பிக்கலாம், வருடத்துக்கு 3 வீதம் வரை, மூன்று வருடத்துக்கு. ஆனால் பெரும்பாலும் அழகுக்காக அல்லது கட்டடத்தின் அந்தஸ்தையும் ஆடம்பரத்தையும் உயர்த்திக் காட்டுவதற்காகச் செய்கிற வேலைக்கு அப்படிக் கூட்ட முடியாது என்று அதே விதியிலேயே இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் முன்பு லொபியைத் திருத்திவிட்டு வாடகையைக் கூட்டக் கேட்டபோது, இந்த விதி தெரிந்த ஒரு சிலர்தான் விசாரணைக்குப் போய்க் கதைத்தார்கள், மற்றவர்கள் வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கட்டினார்கள். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: வாடகைக் கூட்டல் விண்ணப்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் யாரிடம் போக வேண்டும் என்பதை, இந்தச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதுவித்து உங்கள் பத்திரிகையில் போடுங்கள். அரைப் பக்கம் போதும், நானே பிரதி எடுத்து எங்கள் கட்டடத்து லிஃப்ற்றில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகைக் குடியிருப்பாளர்,
ஸ்காபரோ