லெனினைப் படித்த தோழர்களுக்கு, உக்ரைன் குறித்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

உக்ரைன் போர் குறித்து நீங்கள் நடத்தும் அரங்கக் கூட்டங்களுக்கு வருகிறேன். துண்டறிக்கைகளையும் விடாமல் படிக்கிறேன். கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. நேட்டோ கிழக்கே விரிந்தது, 2014இல் கீவில் அமெரிக்கா ஆட்சியைக் கவிழ்த்தது, வேறு வழியில்லாமல் ரஷ்யா திருப்பி அடித்தது. இந்தக் கதையில் வாஷிங்டன் வருகிறது, மாஸ்கோ வருகிறது. தங்கள் மண்ணில் தங்களுக்கென்று ஒரு விருப்பம் வைத்திருக்கும் உக்ரைனியர்கள் மட்டும் எங்குமே வருவதில்லை.

நேட்டோ பற்றி நீங்கள் சொல்வதில் பாதிக்கு நானே கையெழுத்துப் போடுவேன். யூகோஸ்லாவியாவில் குண்டு போட்டதும், லிபியாவைச் சிதைத்ததும், 2008இல் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனுக்கு நாள் குறிக்காமல் ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டுக் கைகழுவியதும் யாரும் மறைக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. என் வழக்கு வேறு. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையிலான சிக்கலை நேட்டோவில் தொடங்குகிறவர் முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கிறார். அப்படிக் குதிக்கையில், நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் லெனினையும் தாண்டித்தான் குதிக்கிறார்.

2022 பிப்ரவரி 21 அன்று, படைகள் எல்லை தாண்டுவதற்கு மூன்று நாள் முன்பு, விளாதிமிர் புதின் ஆற்றிய உரையை முழுவதுமாகப் படித்துப் பாருங்கள். இன்றைய உக்ரைன் முழுக்க முழுக்க லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் படைத்தது, அதை 'விளாதிமிர் லெனினின் உக்ரைன்' என்றே அழைக்கலாம், அதன் ஆசிரியரும் சிற்பியும் அவர்தான் என்று அதில் சொல்கிறார். பாராட்டாக அல்ல, குற்றச்சாட்டாக. தேசிய இனங்களுக்குப் பிரிந்து செல்லும் உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்ததுதான் லெனின் செய்த பிழை என்பது அவர் வாதம். உக்ரைனில் லெனின் சிலைகளை உடைத்தவர்களைச் சுட்டிக்காட்டி, 'உண்மையான கம்யூனிச நீக்கம் என்றால் என்ன என்று உங்களுக்குக் காட்டத் தயாராக இருக்கிறோம்' என்றும் சொன்னார். இந்த மனிதருக்காகவா நீங்கள் செங்கொடியோடு மேடை ஏறுகிறீர்கள்?

அவருக்கு லெனின் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கு 1922 டிசம்பருக்குப் போக வேண்டும். டிசம்பர் 30 அன்று மாஸ்கோவில் சோவியத் ஒன்றியம் பிறந்ததாக மாநாடு அறிவித்தது. லெனின் அங்கு இல்லை. பக்கவாதத்தால் உடல் பாதி செயலிழந்து படுக்கையில் கிடந்தார். நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே சொல்லி எழுத வைக்க மருத்துவர்கள் அனுமதித்திருந்தார்கள். அந்தச் சில நிமிடங்களை அவர் எதற்குச் செலவிட்டார் தெரியுமா? தேசிய இனப் பிரச்சினைக்கு. பிரிந்து செல்லும் உரிமை வெறும் காகிதமாகப் போய்விடும், மாருஷ்யப் பேரினவாதியிடமிருந்து, அந்தக் கயவனும் கொடுங்கோலனுமான ரஷ்ய அதிகாரியிடமிருந்து மற்ற இனத்தவரை அது காப்பாற்றாது என்று செயலரிடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். ஸ்டாலின் பெயரைச் சொல்லியே கண்டித்தார். அந்தக் குறிப்புகள் 1956 வரை சோவியத் நாட்டில் அச்சேறவில்லை.

லெனின் அஞ்சிய அந்த அதிகாரி வானத்திலிருந்து குதித்தவரல்லர். புதின் 2021 ஜூலையில் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று நீண்ட கட்டுரை எழுதினார். (அது ரஷ்ய மொழியோடு உக்ரைன் மொழியிலும் வெளியிடப்பட்டது, ஒரே மக்கள் என்றால் அது எதற்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.) கீவ் ருஸ் என்ற பழைய அரசு, 988இல் ஏற்ற கிறித்தவம், இரண்டுக்கும் பொதுவான வேர் என்பது அதன் அடித்தளம். பொதுவான வேர் என்பது உண்மைதான். ஆனால் கீவ் தழைத்திருந்த காலத்தில் மாஸ்கோவின் பெயரே ஏடுகளில் கிடையாது; முதன்முதலில் அது குறிக்கப்படுவது 1147இல். பிறகு மங்கோலியர், லித்துவேனியர், போலந்துக்காரர் என்று நூற்றாண்டுகள் வெவ்வேறு ஆட்சிகளில் கழிந்ததால் இரு மக்களின் வாழ்க்கையும் வெவ்வேறாகத்தான் வளர்ந்தது. அண்ணன் யார், தம்பி யார் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. அதைவிட முக்கியமான காட்சி ஒன்று 1654 ஜனவரியில் பெரெயாஸ்லாவ் ஊரின் தேவாலயத்தில் நடந்தது.

போலந்துப் பிரபுக்களை எதிர்த்து 1648இல் கிளர்ந்தெழுந்த கொசாக்குகள் என்ற உக்ரைன் போர்வீரர் கூட்டத்தின் தலைவர் போதன் ஹ்மெல்னித்ஸ்கி, துணை தேடி ரஷ்யப் பேரரசரான ஜாரிடம் வந்தார். ஜாருக்கு விசுவாசமாக இருப்போம் என்று கொசாக்குகள் உறுதிமொழி எடுக்க வேண்டும். சரி, உங்களைப் போலந்திடம் விட்டுக்கொடுக்க மாட்டோம், உங்கள் உரிமைகளைப் பறிக்க மாட்டோம் என்று ஜாரின் பெயரில் நீங்களும் உறுதிமொழி எடுங்கள் என்று கேட்டார்கள். போலந்து மன்னர்கள் குடிகளுக்கு அப்படி உறுதி கொடுப்பது வழக்கம். இவர்களுக்கு அதுதான் பழக்கம். ஜாரின் தூதர் வசீலி புத்தூர்லின் மறுத்துவிட்டார். ஜார் தன் குடிமக்களிடம் சத்தியம் செய்வதில்லை. ஹ்மெல்னித்ஸ்கி தன் ஆட்களோடு வெளியே போய்விட்டார். புத்தூர்லின் தேவாலயத்திலேயே காத்திருந்தார். கடைசியில் வேறு வழியின்றிக் கொசாக்குகள் மட்டும் உறுதிமொழி எடுத்தார்கள்.

ஒரு தரப்பு அதை இருவருக்கிடையே நடந்த உடன்படிக்கையாக நினைத்தது; மறு தரப்பு அடிபணிதலாக எடுத்துக்கொண்டது. பிறகு நடந்ததெல்லாம் இரண்டாவது பொருளின்படிதான். 1667இல் ரஷ்யாவும் போலந்தும் நீப்பர் நதியைக் கோடாக வைத்து நாட்டைப் பங்கு போட்டன. கொசாக்குத் தன்னாட்சி 1764இல் ஒழிக்கப்பட்டது. அவர்களின் கோட்டையான ஜபரோஜிய சிச்சை 1775இல் ராணி கேத்தரினின் படை தரைமட்டமாக்கியது. 1783இல் நீப்பரின் இடக்கரை விவசாயிகள் பண்ணையடிமைகளாக மண்ணோடு கட்டப்பட்டார்கள். நமக்கு இதற்கெல்லாம் பெயர் தெரியும், தோழர்களே. வேறு யாராவது செய்திருந்தால் காலனியாதிக்கம் என்று உடனே சொல்லியிருப்போம்.

மொழி விஷயத்தில் ஜார் ஆட்சி செய்தது இன்னும் வெளிப்படை. உள்துறை அமைச்சர் வலூயெவ் 1863இல் அனுப்பிய ரகசியச் சுற்றறிக்கை, தனியான 'சின்ன ருஷ்ய' (உக்ரைன்) மொழி ஒன்று இருந்ததும் இல்லை, இருக்கவும் இல்லை, இருக்கவும் முடியாது என்றது. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுக்கப் போன இடத்தில் கையெழுத்திட்ட ஆணை, சில விதிவிலக்குகளைத் தவிர உக்ரைன் மொழியில் நூல் அச்சிடுவதையும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும், நாடகம் போடுவதையும் தடை செய்தது. இசைக் குறிப்புத் தாளில் பாட்டின் வரிகளை அச்சிடுவதும் தடைக்குள் வந்தது. 1905 வரை இந்த நிலை.

அதற்கு முன்பே உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ இதை உடம்பால் அனுபவித்தார். பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஓவியர் பிரியுல்லோவ் வரைந்த ஒரு சித்திரத்தைக் குலுக்கலில் விட்டு, வந்த பணத்தைக் கொடுத்துத்தான் 1838இல் நண்பர்கள் அவரை விடுவித்தார்கள். ஒன்பது ஆண்டுகளில், எழுதிய கவிதைகளுக்காக அவரைப் பிடித்துச் சாதாரணச் சிப்பாயாக எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தினார்கள். தண்டனைத் தாளில் ஜார் முதலாம் நிக்கோலாய் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: மிகக் கடுமையான கண்காணிப்பு, எழுதவும் வரையவும் தடை. ஷெவ்சென்கோ சின்னஞ்சிறு தாள்களைத் தைத்துக் கையேடாக்கி, பூட்ஸுக்குள் ஒளித்து வைத்து எழுதினார். 1914இல் அவருடைய நூற்றாண்டு விழாவை ஜார் அரசு தடை செய்தபோது, அரசுக்கு எதிராக இதைவிடச் சிறந்த பிரசாரத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது என்று கிண்டலாக எழுதியவர் யார்? லெனின்தான்.

லெனினை நான் வெள்ளையடிக்கவில்லை. 1917 டிசம்பரில் உக்ரைன் மக்கள் குடியரசை அங்கீகரிப்பதாகவும், பிரிந்து செல்லும் உரிமை அதற்கு உண்டு என்றும் சொல்லிவிட்டு, அதே கடிதத்தில் 48 மணி நேரக் கெடு வைத்துப் போர் மிரட்டல் விடுத்ததும் அவர் கையெழுத்திட்ட அரசுதான். அடுத்த பிப்ரவரியில் போல்ஷெவிக் தளபதி முராவியோவின் படை கீவைப் பிடித்துத் தெருக்களில் ஆட்களைச் சுட்டது. ஆனாலும், உக்ரைன் மொழி தெரியாத அதிகாரிகளால் அந்த நாட்டை ஆள முடியாது என்று பட்டறிவில் கற்றுக்கொண்ட போல்ஷெவிக்குகள் இருந்தார்கள். 1923 முதல் பள்ளி, அலுவலகம், பத்திரிகை எல்லாம் உக்ரைன் மொழிக்கு மாறின. அந்தப் பத்தாண்டை நீங்கள் நியாயமாகவே பெருமையோடு சொல்லலாம். ஏனோ உங்கள் கூட்டங்களில் அதைக்கூட யாரும் சொல்வதில்லை. சொன்னால், அது எப்படி முடிந்தது என்ற கேள்வி வரும்.

1932இல், பஞ்சத்தோடு முடிந்தது. தானியக் கொள்முதல் இலக்கை எட்டாத ஊர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த ஊர்க் கடைகளுக்குச் சரக்கு வருவது நின்றது. இருந்த சரக்கும் திருப்பி எடுக்கப்பட்டது. தானியம் கொடுக்காதவர்களிடம் அபராதமாக இறைச்சியும் உருளைக்கிழங்கும் பறிக்கப்பட்டன. கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவர்களையும் தண்டிக்க ஆகஸ்ட் 7 சட்டம் இருந்தது. 1933 ஜனவரி 22 அன்று ஸ்டாலினும் மொலோட்டொவும் அனுப்பிய உத்தரவுப்படி, உக்ரைனிலிருந்தும், உக்ரைனியர் நிறைய வாழ்ந்த ரஷ்யப் பகுதியான கூபனிலிருந்தும் விவசாயிகள் வெளியேறுவது தடுக்கப்பட்டது. ரயில் டிக்கெட் விற்பனையும் நிறுத்தப்பட்டது. பசித்தவனுக்குத் தப்பி ஓடும் வழியும் இல்லை. அந்த இரு ஆண்டுகளிலும் சோவியத் நாடு ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது. உக்ரைனில் மட்டும் செத்தவர்கள் 35 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை.

கசாக்குஸ்தானிலும் சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள், வோல்கா பகுதியிலும் பஞ்சம் இருந்தது, எனவே இது ஒரு இனத்தைக் குறிவைத்ததல்ல என்பீர்கள். இனப்படுகொலை என்ற சட்டச் சொல் இதற்குப் பொருந்துமா என்று வரலாற்றாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதில் நான் இறங்கவில்லை. ஆனால் 1932 டிசம்பர் 14 தீர்மானத்தைப் படியுங்கள். தானியக் கொள்முதலைப் பற்றிப் பேசும் அதே தாள், கூபன் உள்ளிட்ட வடக்குக் காக்கசில் உக்ரைன் மொழிப் பள்ளிகளையும் பத்திரிகைகளையும் ரஷ்ய மொழிக்கு மாற்றச் சொல்கிறது. தானியத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு கம்யூனிஸ்டுகளின் சாவை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். மிக்கோலா ஹ்விலொவி, கட்சி உறுப்பினர், எழுத்தாளர். உக்ரைன் இலக்கியம் மாஸ்கோவைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை என்று எழுதியவர். 1933 மே 13 அன்று கார்கிவ் வீட்டுக்கு நண்பர்களை வரவழைத்துவிட்டு, பக்கத்து அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். மிக்கோலா ஸ்கிரிப்னிக், பழைய போல்ஷெவிக், லெனினின் தோழர், உக்ரைனின் கல்வித்துறையை நடத்தியவர். தேசியவாதி என்று முத்திரை குத்தப்பட்டு, ஜூலை 7 அன்று அவரும் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பினார். அவர் முன்னின்று வகுத்த எழுத்துமுறையைத் திருத்தி, 'ґ' என்ற எழுத்தையே அகரவரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1990இல். இவர்கள் இருவரும் நேட்டோ ஏஜெண்டுகளா? அப்போது நேட்டோ பிறக்கவே 16 ஆண்டுகள் இருந்தன.

1991 வேகமாகக் கடந்துவிடலாம். டிசம்பர் 1 வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடுதலைக்கு ஆதரவளித்தார்கள். கிழக்கே உள்ள டோன்பாஸின் இரு மாகாணங்களிலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல். கிரிமியாவில்கூட பாதிக்குக் கொஞ்சம் அதிகம். 1994இல் அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டு, எல்லைகளை மதிப்போம் என்ற உறுதியை மாஸ்கோவிடமிருந்தும் எழுத்தில் வாங்கினார்கள். இன்னொரு தகவலையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் படைக் கூட்டணியிலும் சேர மாட்டோம் என்று 2010இல் உக்ரைன் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. 2014 மார்ச்சில் கிரிமியா பறிக்கப்பட்ட நாளிலும் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. அதை நீக்கியது அதே ஆண்டு டிசம்பரில், அடி வாங்கிய பிறகு.

உக்ரைன் தீவிர தேசியவாதத் தலைவர் பந்தேரா, வோலின் பகுதியில் 1943இல் உக்ரைன் தேசியவாதிகளால் கொல்லப்பட்ட பல்லாயிரம் போலந்து மக்கள், 2014 மே 2 அன்று ஒடெசா தொழிற்சங்கக் கட்டடத் தீயில் மாண்ட நாற்பதுக்கு மேற்பட்டவர்கள், தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சி: நீங்கள் எடுக்கும் இந்தப் பட்டியல் பொய்யல்ல. பந்தேராவுக்குச் சிலை வைப்பது எனக்கும் அருவருப்புதான். ஆனால் நாட்டையே நாஜிகள் ஆள்கிறார்கள் என்ற பேச்சு எடுபடாது. 2019இல் தீவிர வலதுசாரிகள் ஒன்றாக நின்று வாங்கியது இரண்டு விழுக்காடு சொச்சம் ஓட்டு. அதே ஆண்டு மக்கள் 73 விழுக்காட்டோடு அதிபராக்கியது ஜெலன்ஸ்கி என்ற ஒரு யூதரை. ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவரை. தாத்தா செஞ்சேனையில் போரிட்டவரை. 2022இல் முதல் நாளே குண்டு விழுந்த கார்கிவும் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசும் நகரம். ரஷ்யர்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்ன படையை அந்த நகரமே எதிர்த்து நின்றது. இதை இரண்டு இனங்களின் பரம்பரைப் பகை என்று எழுதுகிறவர்களும் தவறுகிறார்கள். அந்த வீடுகளில் அப்பா ரஷ்யர், அம்மா உக்ரைனியர் என்பது சாதாரணம். பகை இருப்பது, அந்த மக்களைத் தனி மக்கள் என்று ஏற்க மறுக்கும் ஓர் அரசிடம்.

உங்கள் மனத்தடை எங்கே இருக்கிறது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. மாஸ்கோவில் அச்சாகி, மலிவு விலையில் தமிழில் வந்த நூல்களில் வளர்ந்த தலைமுறை நாம். அந்த நன்றியை ரஷ்யாவுக்குக் கொடுக்கிறோம். சோவியத் நினைவுக்கு மாஸ்கோ பெயரில் மட்டும் பட்டா எழுதிக் கொடுத்தது யார்? பாசிசத்தை எதிர்த்து மடிந்த லட்சக்கணக்கான செஞ்சேனை வீரர்கள் உக்ரைனியர்கள். நாம் ரஷ்ய எழுத்தாளர் என்று படித்த கோகல் பிறந்தது பொல்தாவா பக்கம்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஜெலன்ஸ்கி அரசை விமர்சியுங்கள். 2022 ஆகஸ்டில் சிறு, நடுத்தர நிறுவனத் தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பறித்த சட்டத்தைக் கண்டியுங்கள். அதை அங்கேயே எதிர்த்துக்கொண்டு, படையெடுப்பையும் எதிர்க்கும் 'சமூக இயக்கம்' என்ற இடதுசாரி அமைப்பு ஒன்று இருக்கிறது. இணையவழியில் அவர்களை அழைத்துப் பேச வையுங்கள். போரை எதிர்த்த ரஷ்ய மார்க்சியர் போரிஸ் ககர்லித்ஸ்கிக்கு 2024 பிப்ரவரியில் ஐந்தாண்டு சிறை விதித்தார்களே, அதைக் கண்டித்து ஒரு தீர்மானம் போடுங்கள். லெனினின் 1922 டிசம்பர் குறிப்புகளைக் கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். இரண்டு நாள் சொல்லி எழுதிய குறிப்புகள்தான், அரை மணி நேரம்கூட ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்ததும் தெரிவியுங்கள். வாசிக்க யாரும் முன்வராவிட்டால் நானே வாசிக்கிறேன். அதன் பிறகு கேள்வி நேரம் மட்டும் கட்டாயம் வையுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஒரு வாசகன்