ஆமணக்குக் காய்த்துளைப்பான்: பூக்கும் பருவத்திலேயே உதவக் கோரும் மனு

அனுப்புநர்:
மானாவாரி ஆமணக்கு விவசாயிகள்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
வேளாண்மை உதவி இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆமணக்குக் காயைத் துளைத்துத் தின்னும் காய்த்துளைப்பான் புழு பற்றி நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. வசிஷ்ட நதியை விட்டு மேலே ஏறினால் வரும் எங்கள் மேட்டுக்காடுகள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆடியில் விதைத்துவிட்டு முதல் குலையைத்தான் நம்பி இருக்கிறோம்.

1. மஞ்சள் இறகில் கரும்புள்ளிகள் உள்ள சின்ன அந்துப்பூச்சிதான் இந்தப் புழுவின் தாய்; அது செடி பூக்கும்போதே வந்துவிடுகிறது. பூங்கொத்திலும் பிஞ்சுக் காயிலும் முட்டை வைக்கிறது.

2. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம். மருந்து வேலை செய்வது அந்தச் சில நாட்களில்தான். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் வெளியே எதைத் தெளித்தும் பயனில்லை. காய்க்கு மூன்று விதை. அந்தப் பருப்பைத் தின்று தீர்த்துவிட்டு அதோடு நிற்பதும் இல்லை. பக்கத்துக் காய்களைத் தன் நூலாலும் எச்சத்தாலும் சேர்த்துப் பின்னி, அந்த மறைவிலேயே ஒன்று மாற்றி ஒன்றாகத் துளைக்கிறது. குலை நெருக்கமாக இருந்தால் சேதம் இன்னும் அதிகம். இரண்டு வாரம் போலத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அப்புறம் ஒரு வாரம் பத்து நாளில் அந்தாகப் பறக்கிறது. அதற்குள் இரண்டாம் குலை பூத்திருக்கும். அதிலும் முட்டை! ஒரு சுற்று முடிய ஒரு மாதம் போதும் ஐயா. தூரத்திலிருந்து பார்த்தால் காடு செழிப்பாகத்தான் தெரியும். காயை உடைத்தால் உள்ளே புழு எச்சம். கொட்டமுத்து (ஆமணக்கு விதை) வாங்குகிறவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறார்.

3. ஆலோசனையும் மருந்தும் எங்களுக்கு எப்போது வருகின்றன? குலை முழுக்க எச்சம் தொங்கும்போது! "தாக்குதல் தெரிந்ததும் சொல்லுங்கள்" என்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே புழு உள்ளே போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அதற்குப் பிறகு கடன் வாங்கி மருந்தடித்து, தெளிக்கிற கூலியையும் கொடுத்து, யாருக்கு லாபம்? இதைச் சொல்லத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். யாராவது படித்தீர்களா?

4. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகளைப் பூக்கும் பருவத்தில் எங்கள் காடுகளுக்கு அழைத்து வாருங்கள்.

5. ஊர் முழுவதற்கும், இரவில் அந்தை வெளிச்சத்தால் இழுத்துப் பிடிக்கும் விளக்குப்பொறி வேண்டும். ஒருவர் மட்டும் வைத்துப் பயனில்லை; பக்கத்துக் காட்டிலிருந்தும், வாய்க்கால் ஓரம் தானாக முளைத்த ஆமணக்கிலிருந்தும், கொய்யாத் தோப்பிலிருந்தும் அந்து வந்துகொண்டே இருக்கும். புழு விழுந்த குலைகளை ஒரே சமயத்தில் பறித்து எரிக்க ஆள்கூலிக்கும் வழி செய்யுங்கள்.

ஐயா, நிவாரணம் கேட்கவில்லை. புரட்டாசியில் பூ விரியும்போதே வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். கார்த்திகையில் வந்து கணக்கெடுக்க வேண்டாம். பூ விரியும்போது வாருங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆமணக்கு விவசாயிகள்