காப்பீட்டு அட்டையும் செவிலியர் கவனிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிகிச்சைக்குப் பாலக்காட்டுக்கும் செல்கின்றன. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் செல்கின்றன. ஒரே தெருவில் கேரள அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா அட்டை உள்ளவரும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை வேலையால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு பெற்றவரும், தனியார் பாலிசி எடுத்தவரும், கைக்காசு கட்டுபவரும் இருக்கிறார்கள். வீடு திரும்பியதும் இவர்கள் பேசுவது பெரும்பாலும் சிஸ்டர் எப்படிக் கவனித்தார் என்பதைத்தான். “கார்டு என்றாலே இப்படித்தான்” என்ற வருத்தத்தை அடிக்கடி கேட்கிறேன். அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் அதைச் செவிலியர்மேல் ஏற்றுவது நியாயமன்று.

காருண்யா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை முன்பே வரையறுக்கப்பட்டது. படுக்கை, மருந்து, செவிலியர் பணி எல்லாம் அதற்குள் அடக்கம். தனியார் பாலிசிக்காரரின் பில்லிலோ செவிலியர் கட்டணம் பல இடங்களில் தனி இனமாக நிற்கிறது. அறையின் தரம் உயர்ந்தால் அதுவும் உயர்கிறது. அட்டை நோயாளிகள் படுத்திருக்கும் பொது வார்டில் இரண்டு செவிலியர் நின்றாலும் நான்கு பேர் நின்றாலும் மருத்துவமனைக்கு வரும் தொகை மாறாது என்னும்போது, ஆட்களைக் குறைக்கத் தோன்றுவது முதலில் அங்கேதான்.

போதாததற்கு, காப்பீட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தார் கேள்வி கேட்பதும் கண்ணில் படும் அந்தச் செவிலியரிடமே. “இன்னும் அப்ரூவல் வரவில்லை” என்று அவர் ஓடிக்கொண்டே சொல்லும் பதில் அலட்சியமாகக் கேட்கிறது. கவனிப்பு ஒன்றாகவே இருந்தாலும் அதைப் பெறுபவரின் மனநிலை வேறு. இ.எஸ்.ஐ. தொழிலாளி தம் சம்பளத்தில் 0.75 சதவீதம் கட்டுவதால் உரிமையோடு கேட்கிறார். அட்டைக்காரரோ இலவசமாகப் பெறுகிறோம் என்ற கூச்சத்தில், வலி தாங்க முடியாதபோதும் மணியை அழுத்தத் தயங்குகிறார். கேட்காததால் யாரும் வராமல் போனதைப் புறக்கணிப்பாக எண்ணிக்கொள்கிறார்.

செவிலியரின் பரிவை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வினாப்பட்டியல் ஒன்று நம்பிக்கையளித்தல், அறிவும் திறனும், மரியாதை, உறவுணர்வு என நான்கைப் பார்க்கிறது. ஊசி போடும் திறன் அட்டையைப் பார்த்து மாறுவதில்லை. ஆனால் அருகில் நின்று இரண்டு வார்த்தை பேச நேரம் வேண்டும். மலையாளம் மட்டுமே அறிந்த செவிலியருக்கும் தமிழ் மட்டுமே பேசும் முதியவருக்கும் இடையே அந்த நேரம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

போதனா மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். திட்டத்தில் சேரும் மருத்துவமனைகள் இதைப் பின்பற்றுகின்றனவா என்று காருண்யா திட்டத்தை நடத்தும் மாநில சுகாதார முகமை வார்டுவாரியாகச் சரிபார்க்க வேண்டும். ஒப்புதல் நிலவரத்தைக் காப்பீட்டுப் பிரிவு ஊழியரே வார்டுக்கு வந்து சொல்லவும், எல்லையோர மருத்துவமனைகளில் கருத்துப் படிவம் தமிழிலும் கிடைக்கவும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.