பேட்டரி இருக்கிறதா என்று பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ போன் எடுத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். அனுப்புகிற செய்திகளில் நீல டிக் விழுகிறது, அதை வைத்து நன்றாக இருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது இதை முழுக்க வாசி.

பஃபலோ பக்கம் வார இறுதியில் பெரிய பனிப்புயல் என்று செய்தியில் பார்த்தேன். உங்கள் ஊர் ஈரி ஏரியை ஒட்டி இருப்பதால், மேற்கிலிருந்து வருகிற குளிர்காற்று ஏரி உறையாதவரை அதன் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து உங்கள் தலையில்தான் கொட்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், ஆம்புலன்ஸ்கூடப் போக முடியவில்லை, சிலர் கார்களுக்குள்ளேயே கிடந்தார்கள். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் வாங்குவதை வாங்கிவிட்டு வீட்டோடு இரு.

முதலில் ஒன்று. பொங்கலன்று வீடியோவில் பேசும்போது உன் பின்னால் சுவரில் வெள்ளையாக வட்டமாக ஒரு கருவி தெரிந்தது. அது நெருப்புப் புகைக்கு மட்டுமா, கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்தா என்று பார். பேட்டரி இருக்கிறதா என்று பார். நடுவில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் இன்றைக்கே புதுசு வாங்கு, விலை பார்க்காதே.

அதற்குப் பக்கத்தில் கோட்டு மாட்டுகிற கொக்கிகளில் ஒரு கோட்டுதான் தொங்கியது. முன்பு இரண்டு இருக்கும். சரி, அது கிடக்கட்டும்.

தண்ணீர் பிடித்து வை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். மூன்று நாளுக்கு ஒரு ஆள் என்றால் மூன்று கேலன், இரண்டு பேர் என்றால் ஆறு. நீயே கணக்குப் போட்டுக்கொள். குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி லேசாகத் திறந்து விடு, உறைந்தால் பைப் வெடித்துவிடும். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வை. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதே, மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். ஈர சாக்ஸோடு நிற்காதே. போன வருஷம் நீயே மண்வெட்டி எடுத்து வாசல் பனியை அள்ளியதாகச் சொன்னபோது தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் ஒரேயடியாக அள்ளாதே, குளிரில் நெஞ்சுக்கு ஆகாது. அவ்வளவு தைரியம் இருக்கிறவளுக்கு ஒரு போன் எடுத்து இரண்டு வார்த்தை பேசுவது அத்தனை பாரமா? சரி விடு, திட்டுவதற்காக எழுதவில்லை.

காரில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதே. சைலன்ஸர் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓடவிடு, ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை. அடைத்திருந்தால் அந்தப் புகை உள்ளேதான் வரும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும், அவ்வளவுதான். வீட்டுக்குள் கேஸ் அடுப்பையோ ஓவனையோ குளிருக்காக மூட்டாதே. கரி வேண்டவே வேண்டாம். பேட்டரியைப் பார்த்தாயா?

இதையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கொடைக்கானல் போனோமே, ராத்திரி நீ வாந்தி எடுத்தாயே. அது அம்மா கட்டிய புளிச்சோற்றால் இல்லை. குளிர் தாங்கவில்லை என்று வாட்ச்மேனிடம் ஒரு இரும்புச் சட்டி நிறையக் கங்கு வாங்கி வந்து, கட்டிலுக்கு அடியில் வைத்து, ஜன்னல் இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தேன். நான்தான் அடைத்தேன். அம்மா தலைவலி தாங்காமல் எழுந்து கதவைத் திறந்தாள். உன்னைத் தூக்கியபோது கழுத்து நிற்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வெளியே திண்ணையில் பனியில் உட்கார்ந்து உன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தோம்.

டிப்போவில் முப்பது வருஷம் எஞ்சினோடு கிடந்தவன் நான். ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை ஓடவிட்டால் பையன்களை அடிக்கப் போவேன். என்ன நடந்தது என்று எனக்கு அந்தத் திண்ணையிலேயே தெரியும். தெரிந்துதான் காலையில் அத்தை வீட்டில் எல்லோர் முன்னாலும் "இவள் கட்டின சோறு ஊசிப்போச்சு" என்று சொன்னேன். புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், அவளுக்குத் தெரியாதா. ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் எந்தப் பயணத்துக்கும் அவள் புளிச்சோறு கிண்டியதில்லை. நீயும் இன்றுவரை அதைத் தொடுவதில்லை.

வீட்டில் நடந்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தேன், பாப்பா. நீ அப்படி எதையும் எங்களிடம் அடைத்து வைக்க வேண்டாம். யார் தப்பு என்று நான் கேட்கமாட்டேன், அம்மாவும் கேட்கமாட்டாள்.

அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இறங்கி வந்ததும் இதை அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். பொங்கலுக்கு எடுத்த வேட்டி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, அனுப்புவதா வைத்திருப்பதா என்று கேட்டாள், இருக்கட்டும் என்றேன்.

பேட்டரியைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எத்தனை கேலன் வாங்கினாய் என்று மட்டும் எழுது.

அப்பா